ஊதா மஞ்சளான கதையில் நான் வெட்டிய வரி

1

இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒருமுறை சொல்லிவிட்டேன். இந்த ஊர்ப் பாஷையில், வாயால், சந்தையில் வைத்து. நன்றாக வந்தது. அதுதான் அதன் குற்றம்.

கண்ணுகளா, சரியாக வராத கதையைத்தான் எல்லோரும் திருப்பி எழுதுவார்கள். நான் சரியாக வந்த கதையைத் திருப்பி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்குச் சொல்லும்போது அதிலிருந்து ஒரு வரியை வெட்டினேன். அந்த வரி ஓட்டத்தைக் கெடுத்தது. வெட்டியதும் கதை எண்ணெய் போட்ட கதவு மாதிரி சத்தமில்லாமல் திறந்தது. இப்போது அந்த வரியைத் திரும்ப உள்ளே வைக்க வேண்டுமா, வைத்தால் எங்கே என்று தெரியவில்லை. ஒருத்தி மூன்று நாளாக அந்தக் கதையை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு அதிக நாள் இல்லை. நான் மழை என்கிறேன், கடையில் சரக்கு வந்திருக்கிறது என்கிறேன், வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன்.

தொடக்கமே மூன்று எழுதிவிட்டேன்.

முதலாவது: "தெற்குத் தாய்லாந்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே, மலைமீது மேகம் சாய்ந்து கிடக்கும் அந்தச் சிற்றூரில்" — வேண்டாம். மேகத்துக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.

இரண்டாவது: "நாற்பத்தோரு ஆண்டுகளாக இந்த ஊரில் துணிக்கடை வைத்திருக்கும் நான்" — என்னைப் பற்றி இவ்வளவு போதும்.

மூன்றாவது: "ஒரு தட்டு."

இது பரவாயில்லை. தட்டிலிருந்து வருகிறேன்.

2

லமாய் எங்கள் ஊர் நாட்டு வைத்தியச்சி. ஐம்பத்தைந்து வயது, பெருத்த உடம்பு, சின்னக் கை. மருந்து கேட்டு வருகிறவர் கையில் ஒரு தட்டு இருக்க வேண்டும். தட்டில் ஒரு மெழுகுவர்த்தி, மூன்று ஊதுபத்தி, ஏதாவது ஒரு வெள்ளைப் பூ, வெற்றிலை, பாக்கு. அது லமாய்க்கு அல்ல. அவளுக்குக் கற்றுக்கொடுத்துச் செத்துப்போன குருவுக்கு, அவருடைய குருவுக்கு.

தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவாள். பிறகு நோயாளியைத் தொட்டுப் பார்ப்பாள். பிறகு இரண்டில் ஒன்று. தட்டு குருபீடத்துக்குப் போனால் மருந்து உண்டு. வந்த கைக்கே திரும்பினால், அது அவள் கைக்கு அடங்காத நோய்.

ரப்பர் பால் எடுக்கிற ஒருவன் வந்த நாளில் நான் அங்கே இருந்தேன். தட்டைத் திருப்பித் தள்ளினாள்.

"எடுத்துட்டுப் போ."

"ஏம்மா, தட்டுல ஏதும் குறையா?"

"தட்டுல குறையில்ல. என்கிட்டதான் குறை. நெஞ்சு வலி இடது தோளுக்கு இறங்குதுங்கிற. அதுக்கு என்கிட்ட பொடி இல்ல. யார்கிட்டயாவது வண்டி எடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு ஓடு."

"உங்க பொடி எல்லாத்துக்கும் கேக்கும்னு எங்க மாமியார் சொன்னாங்களே."

"உங்க மாமியார் வேற மருமகன் பாத்து வச்சிருக்கா போல. எந்திரி."

அவன் இன்னும் பால் எடுக்கிறான். மாமியார்தான் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

(ஓரமாக ஒன்று. அந்தப் பொடியில் கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய், சீந்தில் கொடி, மஞ்சள், ஒரு மரப்பட்டை. பட்டையின் பெயரை லமாய் சொல்ல மாட்டாள். அரிசி கழுவிய தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். காலையில் குடித்தால் மத்தியானம் வரை கசப்பு நாக்குக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். இது எதற்கு என்று கேட்டால், "சோறு இறங்கும், தூக்கம் வரும், வயிறு இளகும்" என்பாள். அதற்குமேல் ஒரு சொல் சொல்ல மாட்டாள். அப்போதெல்லாம்.)

3

பல்கலைக்கழகத்திலிருந்து ரட்சனி வந்தாள். முப்பது வயது ஆசிரியை. ஊர் ஊராகப் போய் நாட்டு மருந்துகளைச் சோதனைக்கு வாங்குகிறவள். லமாய் பொட்டலத்தைக் கையில் கொடுக்க மறுத்தாள். "நானே கொண்டாரேன். என்ன பண்றீங்கன்னு கண்ணால பாக்கணும்" என்றாள். ஆனால் வேனில் ஏறினால் அவளுக்கு வாந்தி வரும். துணைக்கு நான் போனேன். இப்படித்தான் கண்ணுகளா, இந்தக் கதைக்குள் நான் வந்தேன். பிளாஸ்டிக் பை பிடிக்கிறவளாக.

சோதனைக் கூடத்தில் விரல் பருமன் கண்ணாடிக் குழாய்கள். அவற்றில் ஊதாத் தண்ணீர், கத்தரிக்காய்த் தோலைவிட அடர்த்தியாக.

"இந்த ஊதாவுக்கு ஒரு பசி இருக்கு பெரியம்மா" என்றாள் ரட்சனி. "பக்கத்துல இருக்கிறதைப் பிடுங்கித் திங்கப் பாக்கும். நம்ம உடம்புக்குள்ளயும் இப்படிப் பசியோட அலையிற துகளுங்க உண்டு. நறுக்கின ஆப்பிள் கறுக்குதுல்ல, இரும்பு துருப்பிடிக்குதுல்ல, அந்த வகை வேலை."

"துருவா?"

"துருன்னே வச்சுக்குங்க. மருந்துல இருக்கிற சரக்கு அந்தப் பசியை அடக்கிட்டா, ஊதா போயிரும்."

லமாயின் பொடியைச் சாராய வாடை அடிக்கிற ஏதோ ஒன்றில் ஊற வைத்து வடிகட்டியிருந்தாள். அதிலிருந்து ஒரு சொட்டை ஊதாவுக்குள் விட்டாள். நான் மூன்று மூச்சு விட்டிருப்பேன். ஊதா வெளிறி, வெளிறி, வைக்கோல் மஞ்சளாகி நின்றது.

லமாய் இரண்டு கையையும் நெற்றிக்குக் கொண்டுபோய் அந்தக் குழாயைக் கும்பிட்டாள். கும்பிட்ட கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். சாராய வாடை அவளைப் புரட்டிவிட்டது. வராந்தாக் கடைசியில் அவள் குமட்டுகிற சத்தம் கேட்டது.

ரட்சனி கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"பெரியம்மா, ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. இது கண்ணாடிக் குழாய்க்குள்ள நடந்தது. உடம்புக்குள்ள போனா என்ன ஆகும்னு இந்தச் சோதனை சொல்லாது. கொய்யா இலைத் தண்ணியும் இதை மஞ்சளாக்கும். பால் போடாத டீயும் ஆக்கும். வைத்தியரம்மாகிட்ட சொல்லிருங்க, சரியா?"

"சொல்லிர்றேன்" என்றேன்.

இதுதான் அந்த வரி. ஐந்தாறு வாக்கியம் இருக்கிறதே என்று எண்ணாதீர்கள். கதைக்குள் அது ஒரே மூச்சு.

திரும்பும்போது வேனில் லமாய் பையை வாயில் வைத்தபடி கண்ணை மூடிக்கிடந்தாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு, மூன்று மூச்சுக்குப் பதிலாக ஐந்து என்று சொன்னால் இன்னும் நன்றாக இருக்குமா என்று யோசித்துக்கொண்டு வந்தேன். மூன்றுதான் சரி என்று முடிவு செய்தேன்.

4

மறுநாள் சந்தையில் மழை. ஆள் வரத்து இல்லை. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சதோக் காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாற்றம் பிடித்த காய்க்கும் கதைக்கும் நல்ல பொருத்தம், கைக்கு வேலை, காது சும்மா.

சொன்னேன். ஊதாவைத் திருடனாக்கினேன். நாம் தூங்கும்போது எலும்பைச் சுரண்டித் துருவைக் கொட்டிவிட்டுப் போகிறவன். லமாயின் பொடியைக் காவல்காரனாக்கினேன். "ஒரு சொட்டு விழுது. ஒரு மூச்சு. ரெண்டு மூச்சு." அங்கே நிறுத்தினேன். உரித்த கைகள் நின்றன.

"மஞ்சளாச்சா?" என்று கேட்டாள் சாய்யுட். லமாயின் தங்கை. அரிசிச் சேவை பிழிந்து விற்கிறவள். என் கதைகளுக்கு எப்போதும் முதல் வரிசை.

"மஞ்சளாச்சு."

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. சொல்கிறவளுக்கு அதைவிடப் பெரிய கூலி கிடையாது.

பானக்கடை ஜியாப் மட்டும் காய் உரிப்பதை நிறுத்தவில்லை. "அக்கா, என் கடையில சங்குப்பூத் தண்ணியில எலுமிச்சை பிழிஞ்சா நீலம் ஊதாவாகுது. தினம் இருபது தடவை ஆகுது. எனக்கு யாரும் சர்டிபிகேட் குடுக்கலையே."

"உன் வாய்க்குப் பயந்துதான் அது நிறம் மாறுது, ஜியாப்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜியாப்பும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு அவள் கேள்வி போயிற்று.

கண்ணுகளா, அந்த இடம்தான். அங்கேதான் ரட்சனியின் வரி வந்திருக்க வேண்டும். ஜியாப் அதற்குக் கதவைத் திறந்தே வைத்தாள். அன்றைக்கு நான் அதை மறந்து

இல்லை. மறக்கவில்லை. நாக்கு நுனி வரை வந்தது. மஞ்சளான பிறகு "ஆனா" என்று ஆரம்பித்தால் கேட்கிற முகங்கள் எப்படிச் சுருங்கும் என்று எனக்குத் தெரியும். கொய்யா இலையைக் கொண்டுவந்து வைத்தால் காவல்காரன் சாதாரண ஆளாகிவிடுவான். விழுங்கிவிட்டேன். "இனிப்பு மயக்கம், கசப்பு மருந்து" என்று இந்த ஊரில் ஒரு பழமொழி. சேவைக் கடையிலும் சொல்வார்கள், கோயிலிலும் சொல்வார்கள். அதை ஆயிரம் தடவை கேட்டவள் நான்.

அந்தக் கதை அடுத்த சந்தைக்குப் போனது. பஸ்ஸில் போனது. இரண்டு வாரத்தில் லமாயின் வாசலில் முகம் தெரியாத செருப்புகள்.

5

இங்கே லமாயைப் பேராசைக்காரியாக்கினால் எனக்கு வேலை சுலபம். தங்கச் சங்கிலி வாங்கினாள், வாசலில் பெரிய பலகை மாட்டினாள் என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். அவள் பழைய கைலியில்தான் இருந்தாள். அவள் செய்தது ஒன்றே ஒன்று, நம்பினாள். குழாயைக் கண்ணால் பார்த்தவள் அவள். மிச்சத்தை என் வாயிலிருந்து கேட்டாள். தன் பொடியைப் பற்றி முப்பது வருஷமாகத் தனக்குத் தெரிந்ததைவிட, ஊரே சொல்லுகிற கதையில் அது அழகாக இருந்தது.

தட்டுகள் கூடின. கண்ணை மூடுகிற நேரம் குறைந்தது. தட்டு திரும்பிப் போவது நின்றது.

ஒருநாள் ஒரு கிழவரிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்: "உடம்புக்குள்ள இருக்கிற துருவை இது எடுத்துரும். ஒரு மூச்சு. ரெண்டு மூச்சு." சொல்லி நிறுத்தினாள். அது என் நிறுத்தம். எனக்கு என்ன தோன்றியது என்று எழுதாவிட்டால் இந்தக் கதைக்கு அர்த்தமில்லை. பெருமையாக இருந்தது.

சாய்யுட் வந்தபோதும் நான் அங்கே இருந்தேன், குருபூஜைக்கு வெள்ளைத் துணி அளந்துகொண்டு. அவள் கையில் தட்டு இல்லை. இருக்காது. கூடப்பிறந்தவர்களிடம் தட்டு வாங்குவது இங்கே வழக்கமில்லை. ஒரே ரத்தத்துக்கு மருந்து கொடுக்கக் குருவிடம் தனியாகக் கேட்க வேண்டியதில்லை என்பார்கள்.

"அக்கா, இங்க ஒரு கட்டி. பாக்கு அளவு. வலியெல்லாம் இல்ல."

லமாய் மார்பைத் தொட்டுப் பார்த்தாள். "எத்தனை நாளா இருக்கு?"

"குளிக்கிறப்ப நேத்துதான் கையில பட்டுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகணுமாக்கா?"

லமாய் கண்ணை மூடினாள். முப்பது வருஷப் பழக்கத்தில் அவள் கை மடியைத் தடவியது. மடியில் ஒன்றுமில்லை. கண்ணைத் திறந்துவிட்டாள்.

"அங்க போனா அறுத்துதான் போடுவான்" என்று சாய்யுட்டே சொன்னாள். "ஊதாவையே மஞ்சளாக்குற பொடி, இந்தக் கட்டியைக் கரைக்காதா? நீங்க சொல்லுங்கக்கா, நீங்கதானே பாத்தீங்க."

என்னிடம் கேட்டாள்.

"ஆமா. என் கண்ணால பாத்தேன்" என்றேன்.

அந்த வாக்கியத்தில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. எத்தனை தடவை படித்தும் அடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

6

ஏழு மாதம். கை வீங்கி, கட்டி தோலைக் கிழித்துக்கொண்டு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி.

போய்வந்த அன்று லமாய் நேராக என் கடைக்கு வந்தாள். நான் யாருக்கோ துணி கிழித்துக்கொண்டிருந்தேன்.

"டாக்டர் கேட்டாரு, இவ்வளவு நாள் இந்தம்மா எங்க இருந்தாங்கன்னு. எங்க வீட்டுக்கு எதிர் வீட்டுலதான்னு சொன்னேன்."

வாங்க வந்தவள் துணியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"அந்த டீச்சர் பொண்ணுக்கு ஃபோன் போட்டேன். உங்க சோதனையில மஞ்சளாச்சே, என் தங்கச்சிக்கு ஏன் ஆகலைன்னு கேட்டேன். அழுதுருச்சு அது. 'நான் அன்னைக்கே சொல்லிவிட்டேனே, உங்களோட வந்த பெரியம்மாகிட்ட'ங்குது. சொல்லுச்சா?"

"சொல்லுச்சு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ வாந்தி எடுத்துக்கிட்டிருந்த."

லமாய் என்னைப் பார்த்தாள். "ஏழு மாசமாவா?"

(இந்த இடத்தில் நான் பதில் சொன்னதாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். நல்ல பத்தி. நான் சொல்லவில்லை, அதனால் எடுத்துவிட்டேன்.)

மறுநாள் அவள் ஒரு தட்டுச் சோடித்தாள். மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, பூ, வெற்றிலை, பாக்கு. எதிர் வீட்டுக்குப் போய், கட்டிலில் கிடந்த தங்கையின் கையில் வைத்தாள்.

"இதைப் பிடி. எனக்குக் குடு."

"எனக்கு எதுக்குக்கா தட்டு? நான் என்ன அசலாளா?"

"குடுடி."

சாய்யுட் ஒரு கையால் தூக்கிக் கொடுத்தாள். இன்னொரு கை தூக்க வராது. லமாய் தட்டை மடியில் வைத்துக் கண்ணை மூடினாள். வெகுநேரம். மெழுகுவர்த்தி அவள் மூச்சில் தட்டுக்குள்ளேயே உருண்டது. பிறகு தட்டைத் தங்கையின் பக்கம் திருப்பித் தள்ளினாள்.

"இது என் கைக்கு அடங்காது. ஆஸ்பத்திரிக்குப் போ."

சாய்யுட் சிரித்தாள். "இப்பதானே அங்கிருந்து வந்தேன். இதைச் சொல்லவா இவ்வளவு பூ?"

லமாய் வெளியே போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். நான் போகவில்லை. போயிருக்கலாம்.

7

வேறு முடிவுகளை எழுதிப் பார்த்தேன். என்னிடம் நோட்டு நிறைய இருக்கிறது.

ஒன்று: சாய்யுட் அன்றைக்கு வழக்கத்தை மீறி, விளையாட்டுக்காகவே, ஒரு தட்டோடு வருகிறாள். "நானும் அசலாளாட்டம் வரேன், என்னையும் கவனி" என்கிறாள். லமாய் சிரித்துக்கொண்டே மடியில் வைக்கிறாள். கண்ணை மூடுகிறாள். சிரிப்பு நிற்கிறது. தட்டு திரும்புகிறது. கட்டி பாக்கு அளவில் இருக்கும்போதே வெளியே எடுக்கப்படுகிறது. சாய்யுட் இன்றும் சேவை பிழிகிறாள், ஒரு பக்கம் தட்டையான ரவிக்கையோடு, அதைப் பற்றி அசிங்கமான ஜோக்கு அடித்துக்கொண்டு. இந்த முடிவை எழுதும்போது அழுதேன். ஒரு வெற்றிலைத் தட்டுதான் குறைந்தது.

இரண்டு: சந்தையில் நான் அந்த வரியைச் சொல்லிவிடுகிறேன். கொய்யா இலை, டீ, எல்லாம். பெண்கள் "அப்படியா" என்று காய் உரிக்கிறார்கள். ஜியாப் "நான்தான் சொன்னேனே" என்கிறாள். மறுநாள் யாருக்கும் கதை ஞாபகமில்லை. யாரும் சாகவில்லை. யாரும் இதைப் படிக்கவும் மாட்டீர்கள்.

இரண்டையும் அடித்துவிட்டேன். நடந்தது இது.

மூன்று நாளைக்கு முன் சாய்யுட்டைப் பார்க்கப் போனேன். மத்தியான நேரம். கஞ்சி இறங்குவதற்காக லமாய் உள்ளே சமையல்கட்டில் பழையபடி பொடி இடித்துக்கொண்டிருந்தாள். அதற்குத்தானே அது. சாய்யுட் என் முந்தானையைப் பிடித்துக் கிட்டே இழுத்தாள்.

"அக்கா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். பாதி நாள் நான் அந்தப் பொடியைத் துப்பிட்டேன். கசப்பு தாங்கல. வாழை மரத்தடியில ஊத்திருவேன். லமாய் அக்காவுக்குத் தெரிஞ்சா உடைஞ்சிருவா. ஒழுங்காக் குடிச்சிருந்தா மஞ்சளாகியிருக்கும். இல்லக்கா?"

நான் போர்வையைச் சரி செய்தேன்.

"எல்லாம் என் வாயால வந்தது" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் தன் நாக்கைத்தான் சொன்னாள்.

"அந்தக் கதையை ஒருதரம் சொல்லுங்கக்கா. சந்தையில சொன்ன மாதிரியே. எதையும் மாத்தக்கூடாது. எங்க நிறுத்துவீங்கன்னு எனக்குத் தெரியும், மாத்தினா கண்டுபிடிச்சிருவேன்."

உள்ளே இடிக்கிற சத்தம் நின்றது.

"நாளைக்குச் சொல்றேன்" என்று வந்துவிட்டேன். மறுநாள் மழை. அதற்கு மறுநாள் சரக்கு.

பாருங்கள் கண்ணுகளா. வரியை வைத்துச் சொன்னால், துப்பியதால் இல்லை, குடித்திருந்தாலும் ஆகியிருக்காது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் மேல் அவள் போட்டுக்கொண்ட பழி இறங்கும். இறங்கி எங்கே போகும்? சுவருக்கு அந்தப் பக்கம் உரலோடு நிற்கிறவள் மேல், இந்தப் பக்கம் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறவள் மேல். அக்காள் கையால் வாங்கிக் குடித்த ஏழு மாதமும் வீண் என்று தெரிந்துகொண்டு அவள் கண் மூட வேண்டும். வரியை வைக்காமல் சொன்னால், தன் நாக்குதான் தன்னைக் கொன்றது என்று நம்பிக்கொண்டே போவாள். கதை மட்டும் அழகாக இருக்கும்.

எழுதினால் வழி தெரியும் என்று நினைத்தேன். எழுதிவிட்டேன். தெரியவில்லை. எனக்கு எங்கே நிறுத்துவது என்று மட்டும்தான் எப்போதும் தெரிந்திருக்கிறது.

இன்றைக்கு மழையும் இல்லை, சரக்கும் இல்லை. மணி மூன்று. கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டிருக்கிறது. சாய்யுட் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள், உதட்டோரத்தில் கதை கேட்கிற சிரிப்பு. உள்ளே இடிக்கிற சத்தம் இல்லை. கதையில் ஒரு சொட்டு விழுந்தாயிற்று. ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. அவளே "மஞ்சளாச்சா?" என்று கேட்டுவிட்டாள். மஞ்சளாச்சு. ரட்சனி கையுறையைக் கழற்றுகிறாள். வாயைத் திறக்கிறாள்.

நான் எழுந்துகொள்கிறேன் கண்ணு. நீ வந்து உட்கார், மிச்சத்தை நீ சொல். முக்காலி ஒரு கால் ஆடும், பார்த்து.